பழைய பிளெண்டட் ஸ்காட்ச்: ருசிக்கும்போது செய்யக் கூடாதவை

ராயல் சல்யூட், 1953-இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது சிவாஸ் பிரதர்ஸ் கொண்டுவந்த பிளெண்டட் ஸ்காட்ச், அதாவது முளைகட்டிய பார்லியில் வடிக்கும் மால்ட் விஸ்கியும் மற்ற தானியங்களில் வடிக்கும் கிரெய்ன் விஸ்கியும் கலந்தது. பாட்டிலின் மேல் போட்டிருக்கும் 21 என்ற எண் சராசரி வயது என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கலவையில் சேர்ந்த விஸ்கிகளில் மிக இளையதன் வயதைத்தான் பிரிட்டன் சட்டப்படி போட முடியும். அந்த வயதும் ஓக் பீப்பாயில் கழிந்தது மட்டும்தான். பீரோவில் இன்னும் 20 வருடம் பூட்டி வைத்தாலும் அது 21 வருட விஸ்கியேதான்.

அப்படிப் பூட்டி வைப்பவர்கள் வைன் மாதிரி படுக்க வைத்துவிடாதீர்கள். 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். பழைய பாட்டிலைத் திறக்கும்போது கார்க் பாதியில் உடைந்து, தூள் உள்ளே விழுவதைப் பார்த்திருக்கிறேன். பதறிக் கீழே கொட்டிவிட வேண்டாம், காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டினால் போதும்.

நிறத்தை வைத்து வயதைக் கணிப்பதும் சரிவராது. ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது, "பிளெண்டட்தானே" என்ற அலட்சியம். கோதுமையிலோ மக்காச்சோளத்திலோ வடிக்கும் கிரெய்ன் விஸ்கி, இளசாக இருக்கையில் மெலிசுதான். ஆனால் இருபது, முப்பது வருடம் பீப்பாயில் கிடந்தால் வெனிலாவும் தேங்காயும் டாஃபியுமாக மணக்கும். மால்ட்டின் முரட்டுத்தனத்தைத் தணித்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். மால்ட்டை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இது தவறிப்போகும்.

அப்புறம் மூக்கு. பெரும்பாலான தவறுகள் இங்கேதான். கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து இழுத்தால் ஆல்கஹால் சுரீரென்று ஏறி, கொஞ்ச நேரத்துக்கு எதுவும் தெரியாது. வாய் குறுகிய கிளாஸில் 25 மில்லி ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு கிளாஸை முகவாய்க்குக் கீழே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதலில் வெறும் மரவாசம் வரும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் காய்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல் என்று ஒவ்வொன்றாக மேலெழும்.

ஐஸ் போட்டால் இந்த வாசனையெல்லாம் அடங்கிவிடும். தண்ணீர் விடலாம், ஆனால் ஸ்பூனில், சொட்டுச் சொட்டாக. 40 சதவீதத்துக்கு ஏற்கெனவே நீர்த்த பழைய விஸ்கி, ஒரு மடக்குத் தண்ணீர் கூடினாலே சப்பென்று ஆகிவிடும்.

காரமான சைடிஷ் பிறகு இருக்கட்டும். நாலு ரவுண்டு முடிந்த பின் இதைத் திறப்பதும் வேண்டாம். நாக்கு சுத்தமாக இருக்கும்போது, முதல் கிளாஸாகவே ருசியுங்கள். குடித்து முடித்ததும் கிளாஸைக் கழுவிவிடாதீர்கள். மறுநாள் காலையில் எடுத்து முகர்ந்தால், ஆல்கஹால் போய், பீப்பாயின் வாசனை மட்டும் அடியில் தங்கியிருக்கும்.