கழிமுகத்தை ஊரே வரைவது எப்படி?

சென்னைக்கு வடக்கே உள்ள கட்டுப்பள்ளித் தீவுக்குக் கிழக்கே கடல், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காடு ஏரி. எந்தச் சேற்றில் எந்த மாதம் இறால் ஒதுங்கும், எந்த மடுவில் மடவை நிற்கும் என்பதெல்லாம் இந்தத் தண்ணீரைச் சுற்றியுள்ள குப்பங்களுக்கு அத்துப்படி. ஆனால் அது காகிதத்தில் ஏறாதவரை, ஒரு திட்டம் வரும்போது அந்த இடம் 'காலி இடம்' என்றுதான் எழுதப்படும்.

நிவாரணத்திலும் இதே கதைதான். 2023 டிசம்பரில் எண்ணெய்க் கழிவு எண்ணூர் ஆற்றில் பரவியபோது, மிகவும் பாதித்த குடும்பங்களுக்கு ₹12,500, படகு ஒன்றுக்கு ₹10,000 என்று அரசு அறிவித்தது. படகுக்குப் பதிவு எண் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பறி என்ற கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்ணுக்கு எந்த எண்ணும் இல்லை. ஆகவே வரைபட வேலையை அவர்களிடமிருந்து தொடங்குங்கள். உட்காரும் பத்துப் பேரில் ஐந்து பேராவது படகில்லாதவர்களாக இருக்கட்டும்: கைத்தடவலுக்குப் போகிறவர்கள், வீச்சுவலைக்காரர்கள், கருவாடு காயவைப்பவர்கள், கூடை தூக்கி விற்பவர்கள். தலைக்கட்டுக் கணக்கில் ஆண்களை மட்டும் கூப்பிட்டால் பாதி ஆறு வரைபடத்தில் வராமலே போய்விடும்.

முதலில் மணலில் குச்சியால் வரையச் சொல்லுங்கள். பெரியவர்கள் கடலை மேல்பக்கம் வைத்து வரைந்தால் அப்படியே விடுங்கள், வடக்கு அம்புக்குறியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். அவர்கள் பார்வையைத் திருப்பினால் இடங்களின் பெயர்கள் வராது. சண்டை போட்டுத் திருத்தி முடித்த பிறகு சார்ட் தாளுக்கு மாற்றுங்கள். ஊரில் வழங்கும் பெயரையே எழுதுங்கள்.

அடுத்தது நடை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம், அதாவது நீர் இறங்குவது, அதிகம், அன்று ஒரு முறை நடக்க வேண்டும். நீர் ஏறும் ஏற்றத்தில் இன்னொரு முறை. சென்னையில் அந்த நாட்களிலும் ஏற்றவற்ற வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். ஆனாலும் தரை தட்டையாக இருப்பதால் அந்த ஒரு மீட்டரில் பெரிய சேற்றுப்பரப்பு வெளியே வந்துவிடும். ஏற்றத்தில் மட்டும் போய்ப் படம் எடுத்தால் அந்தச் சேறே இருக்காது. சட்டப்படி சேற்றுப்பரப்பும் அலையாத்தியும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புக்கு உரியவை என்பதால் இதை விட்டுவிடவே கூடாது.

ஒவ்வொரு இடத்தின் ஓரத்திலும் போனில் ஜி.பி.எஸ். புள்ளி எடுங்கள். திறந்தவெளியில் ஒரு நிமிடம் அசையாமல் நின்று, மூன்று முறை எடுத்தால் ஐந்து முதல் பத்து மீட்டருக்குள் சரியாக வரும். அதிகம் நடக்கும் தப்பு எழுதும் முறையில்தான். 13 டிகிரி 14 நிமிடம் என்பதை 13.14 என்று எழுதிவிடுகிறார்கள். அது உண்மையில் 13.2333. இந்த ஒரு தவறில் எண்ணூர் ஆற்றின் புள்ளி பத்து கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து காசிமேட்டுப் பக்கம் போய் உட்காரும். எதிர்த்தரப்பு இதை ஒன்றைக் காட்டியே மொத்த வரைபடத்தையும் தள்ளிவிட முடியும். போனில் தசம முறையை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லோரும் அதிலேயே எழுதுங்கள்.

அளவுகோலும் முக்கியம். 1:25,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 250 மீட்டர். பத்து மீட்டர் அகலமுள்ள கருவாட்டுக் களம் அதில் அரை மில்லிமீட்டர் கூட வராது, பேனாக்கோட்டுக்குள் மறைந்துவிடும். 1:4,000 அளவில் அதே களம் இரண்டரை மில்லிமீட்டர். மீனவ ஊர்களின் பொது இடங்களான படகு நிறுத்துமிடம், வலை காயுமிடம், மீன் உலர்த்தும் களம் ஆகியவற்றைப் புல எண் (சர்வே எண்) தெரியும் அளவிலான வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 2011 கடலோர அறிவிக்கையே சொல்கிறது. ஆகவே 1:4,000-தான் கேளுங்கள், அதிலேயே வரையுங்கள்.

வரைபடத்தோடு ஒரு பதிவேடு சேர வேண்டும். இடத்தின் பெயர், யார் போகிறார்கள், எந்த வலை அல்லது வெறுங்கையா, எந்தெந்தத் தமிழ் மாதம், என்ன கிடைக்கும், இப்போது என்ன நிலை. கடைசிக் கட்டத்தில் 'கெட்டுப்போச்சு' என்று எழுதினால் பயனில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததா, காக்கா ஆழி மட்டி தரை முழுக்க மூடி கை வைக்க முடியாமல் ஆக்கியதா என்று பிரித்து எழுதுங்கள். ஆழத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட மூங்கில் கழி போதும். அதே இடம், அதே திதி, அதே வற்ற நேரம் என்று ஒவ்வொரு முறையும் அளந்தால்தான் ஆறு தூர்ந்ததை நிரூபிக்கலாம். நேரம் மாறினால் அளவுக்கு மதிப்பில்லை. ஆதார், போன் எண்களை இந்தப் பதிவேட்டில் எழுதாதீர்கள். நிவாரணத்துக்கான பெயர்ப்பட்டியல் தனி நோட்டில் இருக்கட்டும்.

பக்கத்து ஊரோடு எல்லைக்கோடு போடாதீர்கள். பழவேற்காட்டில் 'பாடு' என்று முறைவைத்துப் பிடிக்கிறார்கள்: இன்று இவர்கள், நாளை அவர்கள். அப்படி முறை உள்ள தண்ணீரில் கோடு போட்டால் இல்லாத சண்டை வரும். கோட்டுக்குப் பதிலாக முறைநாளை எழுதி, இரண்டு ஊரும் கையெழுத்துப் போடுங்கள். பாடு இல்லாத கைத்தடவல்காரர்கள் எந்த நாள் எங்கே இறங்கலாம் என்பதும் அதே தாளில் வரட்டும், இல்லாவிட்டால் இந்த ஒப்பந்தமே அவர்களை வெளியே தள்ளிவிடும்.

'எங்களுக்குச் சொந்தம்' என்று எழுத வேண்டாம். புறம்போக்கில் அது நிற்காது. 'இத்தனை தலைமுறையாக எங்கள் அனுபோகத்தில் உள்ளது' என்று எழுதி, புல எண்ணையும் குறியுங்கள். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் புல எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.

கையெழுத்து வாங்கும் இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணூர்ப் பக்கக் குப்பங்கள் சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலத்தில் வருகின்றன, அங்கே கிராம சபை கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானமும் வார்டு அளவிலான பகுதி சபையும்தான் வழி. தீவுப் பக்கம் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். அங்கே ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 கிராம சபைகளிலும் தீர்மானம் போடலாம். ஒரே ஆறு, இரண்டு ஆட்சியர்கள். மனுவையும் இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும், மீன்வளத்துறைக்கும், மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, 'எங்கள் வரைபடத்தின் மீது என்ன நடவடிக்கை?' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை மாதத்தில் மறுபடி நடந்து பாருங்கள். வெள்ளம் வந்த வருடம் முகத்துவாரம் இடம் மாறியிருக்கும், மணல் திட்டு புதிதாக முளைத்திருக்கும். பழைய வரைபடத்தில் அழித்துத் திருத்தாமல் தேதி போட்டுப் புதுத்தாளில் வரையுங்கள். அசல் ஒன்று ஊரில் இருந்தால், இன்னொன்று வெள்ளம் ஏறாத இடத்தில், ஆற்றங்கரையிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.