வலி மாத்திரைக்கு அடிமையான துணையோடு வாழ்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும். டிரமடால், டேபென்டடால், கோடீன் கலந்த இருமல் சிரப் இவற்றில் அந்த வசதி இல்லை. வாடை வராது, தள்ளாட்டமும் பெரும்பாலும் இருக்காது. முதுகுவலிக்கோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ சில நாளைக்கு எழுதிக்கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு, அதே மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குத் தெரியவரும்போது பல நேரம் நகை அடகுக்குப் போயிருக்கும்.

இது அபூர்வமான கதையும் இல்லை. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி, 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் ஹெராயின் பயன்படுத்துவோர் 1.14 சதவீதம். டிரமடால், கோடீன் போல மருந்தாக விற்கும் ஓபியாய்டுகளை (அபின் வகை வலி மருந்துகளை) போதைக்காகப் பயன்படுத்துவோர் 0.96 சதவீதம். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை.

"டாக்டர் கொடுத்த மாத்திரைதானே" என்று விட்டுவிடுவது முதல் தவறு. மாத்திரை நாளுக்கு முன்பே தீர்ந்துபோவது, டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பது, ஒரு வேளை தாமதமானாலே கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, எரிச்சல் என்று வருவது, கண்மணி சுருங்கிக் கிடப்பது, தீராத மலச்சிக்கல் ஆகியவற்றில் நாலைந்து சேர்ந்து தெரிந்தால் கேட்டே ஆக வேண்டும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. புற்றுநோய் வலிக்கு டாக்டர் மேற்பார்வையில் மார்ஃபின் எடுப்பவரை 'அடிமை' என்று பயந்து மருந்தை நிறுத்துகிறார்கள். அது கொடுமை. அவருக்குத் தேவை வலி இல்லாத நாட்கள்.

விஷயம் தெரிந்த அன்று இரவே எல்லா அட்டைகளையும் கழிவறையில் கொட்டுவதுதான் நான் அதிகம் கேள்விப்படும் தவறு. கோபம் புரிகிறது. ஆனால் பழகிய உடம்புக்கு மருந்து சட்டென்று நின்றால் ஒரு நாளுக்குள் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். டிரமடாலில் இவற்றோடு பதற்றமும் குழப்பமும்கூட வரலாம். ஓர் எச்சரிக்கை: மனைவிதான் மாத்திரைக்குப் பழகியவர், அவர் கர்ப்பமாகவும் இருக்கிறார் என்றால், வீட்டில் நீங்களாக நிறுத்தவே கூடாது. கருவுக்கு ஆபத்து.

பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. உண்மையான ஆபத்தே அதற்குப் பிறகுதான். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டோ, 48 நாள் மாலை போட்டோ நிறுத்துபவர்களை நமக்குத் தெரியும். அந்த வைராக்கியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. மாலையைக் கழற்றிய பிறகு, முன்பு சாதாரணமாகப் போட்ட அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுபோகலாம். விரதம் இருக்கட்டும், கூடவே டாக்டரும் இருக்கட்டும்.

அப்புறம், சாப்பாட்டில் கலக்கும் பொடி. 'அவருக்கே தெரியாமல் போதையை மறக்க வைக்கும்' என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் இருக்காது. சிலர் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையை எப்படியோ வாங்கிக் குழம்பில் கரைக்கிறார்கள். அது சிகிச்சையில் பயன்படும் நல்ல மருந்துதான். ஆனால் ஓபியாய்டு ஒரு வாரம் பத்து நாளாவது உடம்பில் இல்லாதவருக்குத்தான் அதைக் கொடுக்கலாம். இல்லையென்றால் சில நிமிடங்களிலேயே கடுமையான வாந்தியும் துடிப்பும் வந்து ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்கும். அது மட்டுமா, மனைவி கையால் இனி ஒரு வாய் சோறு அவர் நம்பிச் சாப்பிடுவாரா?

நடுராத்திரியில் வேனோடு நாலு பேரை வரவழைத்துத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வதும் இப்படித்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. ஒருவரை விருப்பத்துக்கு எதிராகச் சேர்க்க அதில் தனி நடைமுறையும் கட்டுப்பாடுகளும் உண்டு. மறுவாழ்வு மையம் என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. பதிவுச் சான்று இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். இழுத்தடித்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டிடிகே மருத்துவமனையும் இருக்கிறது. அங்கே குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுக்கிறார்கள்.

சிகிச்சைக்குப் போன பிறகும் தவறு நடக்கும். புப்ரநார்ஃபின் என்ற மருந்தை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளக் கொடுப்பார்கள். உடனே வீட்டில் யாராவது, "மாத்திரைக்குப் பதில் இன்னொரு மாத்திரையா?" என்பார்கள். இந்த மருந்து ஏக்கத்தையும் உடல் துடிப்பையும் அடக்கி, வேலைக்குப் போய்வர விடுகிறது. இந்த வகைச் சிகிச்சையில் இருப்பவர்களின் இறப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. சர்க்கரை வியாதிக்காரரிடம் இன்சுலினை எப்போது நிறுத்துவாய் என்று யாரும் நச்சரிப்பதில்லை. இதையும் அப்படி டாக்டரிடம் விட்டுவிடுங்கள். மாதங்களோ வருடங்களோ ஆகலாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடனை அடைத்து, ஆபீசுக்கு "காய்ச்சல்" என்று போன் செய்து, மாமியாரிடம் மறைத்து, எல்லாவற்றையும் ஒரே ஆள் சுமப்பதால் பழக்கம் இன்னும் வசதியாக ஓடுகிறது. சாப்பாடு, மருத்துவம், பிள்ளைகள் படிப்பு இவற்றுக்குப் பணம் கொடுங்கள், கையில் காசாகக் கொடுக்காதீர்கள். "நீயே போய் வாங்கிட்டு வா" என்று அனுப்பினால் கண்டிப்பாகப் போகாதீர்கள். 2018-ல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. சீட்டில்லாமல் வைத்திருந்தால் மாட்டுவது நீங்கள். அதற்காகத் தினமும் பையைச் சோதிக்கும் போலீசாகவும் மாற வேண்டாம். ஒளித்து வைக்க இடத்துக்கா பஞ்சம்?

"ஒரு குழந்தை பிறந்தா சரியாகிடும்" என்பதை நம்பாதீர்கள். மனைவி அடிமையானால் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவுவதும் நடக்கிறது. அவமானத்துக்குப் பயந்து பல பெண்கள் சிகிச்சைக்கே வருவதில்லை. அடி, உதை, மிரட்டல் இருந்தால் 'அட்ஜஸ்ட்' செய்ய வேண்டியதில்லை. பெண்களுக்கான 181 உதவி எண் இருக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மாத்திரை பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். பெரியவர் போடும் ஒன்றிரண்டு மாத்திரை குழந்தையின் உயிரைக் குடிக்கும்.

கடைசியாக, உயிர் போகும் தவறு: "அசந்து தூங்குகிறார், தூங்கட்டும்." வழக்கத்துக்கு மாறாகக் கரகரவென்று குறட்டை, விட்டுவிட்டு மூச்சு, நீலம் பாரித்த உதடு, உலுக்கினாலும் எழாத நிலை என்றால் அது தூக்கம் இல்லை. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். உடனே 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் போனில் அவர்கள் சொல்லும் முதலுதவியைச் செய்யுங்கள். காபி, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். என்ன மாத்திரை என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதை முறிக்கும் நலோக்ஸோன் ஊசி இருக்கிறது. சொன்னால் தாமதமில்லாமல் போட முடியும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14446 போதை மீட்பு உதவி எண். மனசு தாங்கவில்லை என்றால் உங்களுக்காகவே 14416 மனநல உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை. துணை வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய் டாக்டரைப் பார்க்கலாம். போகும்போது காலி மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள்.