'பீடு' என்று எழுதிய பையன்

தஞ்சாவூர்ப் பக்கம், அரிசி ஆலையை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். மூன்றாம் வகுப்பில் மேற்கு வங்கத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். சொல்வதெழுதுதலில் 'வீடு' என்றால் 'பீடு' என்று எழுதுவான்; 'வண்டி' என்றால் 'பண்டி'. இருபது தடவை எழுதச் சொன்னேன். இருபதும் பீடுதான்.

வங்க மொழியில் நம் 'வ' ஒலி கிடையாது. நாம் 'விகாஸ்' என்பதை அவர்கள் 'பிகாஷ்' என்பார்கள். காதுக்குப் பழகாத ஒலியைக் கை எப்படி எழுதும்? இது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, 'ப' சொன்னால் உதடு இரண்டும் ஒட்டும், 'வ' சொன்னால் மேல்பல் கீழுதட்டைத் தொடும் என்று காட்டினேன். இரண்டு வாரத்தில் வீடு வந்துவிட்டது. பிழை திருத்துவதற்கு முன் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காததுதான் நான் செய்த முதல் தவறு.

'இந்திக்காரப் பிள்ளைகள்' என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுவது இன்னொன்று. பீகார்ப் பிள்ளை வீட்டில் பேசுவது போஜ்புரியாகவோ மைதிலியாகவோ இருக்கும். ஒடியாவில் 'ள' உண்டு, அதனால் ஒடிசாப் பிள்ளை 'பள்ளி'யைச் சிரமமில்லாமல் சொல்லும். ழகரத்துக்குத் திணறினால் மட்டும் சிரிக்க வேண்டாம், நம்ம ஊர்ப் பிள்ளைகளே 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறார்கள்.

வெளியூர்க்காரர்கள் வந்த பிறகுதான் வகுப்பில் பல மொழி வந்தது என்று நினைப்பதும் தவறு. கும்பகோணத்தில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் உண்டு. தஞ்சாவூரில் மராட்டியர் ஆட்சி 1670களில் தொடங்கியது, இன்றும் மராத்தி பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. நரிக்குறவர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. இவர்கள் எல்லாம் நம் வகுப்பில் எப்போதும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். வாய் திறக்காததால் 'மந்தம்' என்று எழுதி முடித்துவிட்டோம்.

நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. ஆண்டுவிழா வந்தால் நரிக்குறவர் பெண் குழந்தைக்கு ஊசிமணி பாசிமணி வேடம், வடநாட்டுப் பிள்ளையை எழுப்பி "உங்க பாஷையில ஒரு பாட்டுப் பாடு." குழந்தை தானாக விரும்பிப் பாடினால் சரி. இல்லையென்றால் அது வேடிக்கை காட்டுவதுதான்.

மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்கக் கூடாது.

நாகைக் கடலோரப் பள்ளிகளுக்கு ஒரு கணக்கு: மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி திறக்கும் ஜூனில் மீனவர் வீட்டில் காசு புரளாது. அந்த வாரமே நோட்டு வாங்கி வா என்று நிற்க வைத்தால், அடுத்த நாள் பிள்ளை வராது.

இவையெல்லாம் எப்படியோ கற்றுக்கொள்ளலாம். கஷ்டமானது வேறு. டெல்டாவில் புதுப் பிள்ளை வந்தால் நம் வாயில் முதலில் வரும் கேள்வி, "நீ எந்தத் தெரு?" தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும், கேட்கிறவருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். நானும் பல வருஷம் கேட்டிருக்கிறேன், ஊர்ப்பேச்சு என்று நினைத்துக்கொண்டு. ஒருநாள் அப்படிக் கேட்டபோது ஒரு சிறுமி தெருப் பெயரைச் சொல்லாமல் "பஸ் ஸ்டாண்டு பக்கம் டீச்சர்" என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடே கிடையாது.

இப்போது, "வீட்ல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்கிறேன். வங்காளிகளுக்குப் பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. நம்மிடமும் அப்படித்தானே, ரிஜிஸ்டரில் ஒரு பெயர், ஆத்தா கூப்பிடுவது ஒரு பெயர். அதை என் குறிப்பேட்டில், அவர்கள் சொன்ன ஒலியிலேயே எழுதி வைத்துக்கொள்கிறேன். தப்பாகச் சொன்னால் திருத்தச் சொல்லியிருக்கிறேன். தயங்காமல் திருத்துகிறார்கள்.