சீரமில் மிதக்கும் குட்டி மணிகள்: வாங்கும் முன் ஒரு பார்வை

முகத்தில் பூசும் ஜெல் சீரம்களில் மிதக்கும் மணிகளில் சில, பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டால் ஆனவை. ஐஸ்கிரீமிலும் சேர்க்கிற பொருள்தான், தோலுக்குப் பெரும்பாலும் தொந்தரவு தராது. காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப்போகிற ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்), வைட்டமின் ஈ போன்றவற்றை உள்ளே பொதிந்து காப்பதுதான் இதன் வேலை, மெதுவாக வெளிவருவதால் எரிச்சலும் குறையலாம்.

ஆனால் மணியின் கூடு கடற்பாசியிலிருந்து வந்தது என்பதற்காக உள்ளே இருப்பதும் சாது என்று நம்பிவிடாதீர்கள். லேபிளைப் படியுங்கள். ரெட்டினால் இருந்தால் கர்ப்பிணிகள் கட்டாயம் தவிர்க்க வேண்டும், மற்றவர்கள் இரவில் மட்டும் பூசி, பகலில் சன்ஸ்கிரீன் போடுங்கள். அப்புறம், முகத்தில் தடவுவதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் பூசிப் பாருங்கள், வாசனைப் பொருள் சேர்த்ததென்றால் இதை விட்டுவிடவே கூடாது.