மூடியைக் கழற்றிப் பாருங்கள், பர்ஸ் அப்புறம்

சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் பெரிய சிபியூ வைக்க இடமே கிடையாது. பிரிண்டர், லேமினேஷன் மெஷின், பேப்பர் கட்டுகள் போக மேஜையில் மிச்சம் ஒரு முழம்தான். அதனால் சென்னை ரிச்சி தெருவில் லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ என்கிற ஒரு பழைய மினி பிசி வாங்கிப் போய் வைத்தேன். ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் சதுரம், மூன்றரை சென்டிமீட்டர் உயரம். "ஏன்டா, மோடத்தை வாங்கிட்டு வந்திருக்க, கம்ப்யூட்டர் எங்க?" என்றார்.

இரண்டே மாதத்தில் அவருக்கு அந்தப் பெட்டி பிடித்துப்போய்விட்டது. என்னைக் கேட்காமலேயே 'டிடிஆர்4, 8 ஜிபி' என்று பார்த்து ராம் ஆர்டர் போட்டுவிட்டார். வந்த ராமின் நீளம் 13 சென்டிமீட்டர். பெட்டிக்குள் இருந்த ஸ்லாட் அதில் பாதி. டெஸ்க்டாப் ராமை வாங்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேஜைமேல் வைக்கிற கம்ப்யூட்டருக்கு டெஸ்க்டாப் ராம் என்று நினைப்பது நியாயம்தானே? ஆனால் இந்த மினி பிசிக்கள் பெயருக்குத்தான் டெஸ்க்டாப். உள்ளே இருக்கும் ராம், டிஸ்க், வைஃபை கார்டு, வெளியே தொங்கும் அடாப்டர் எல்லாமே லேப்டாப் வகையறா. பெரிய கேபினெட்டில் ஒன்று பொருந்தாவிட்டால் இன்னொரு ஸ்லாட் இருக்கும், ஒரு மூலையில் இடம் இருக்கும். இதில் எல்லாமே ஒன்று அல்லது இரண்டு. அதனால் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாமல் கெடுப்பவர்களைவிட, மூடியைத் திறந்து பார்க்காமல் பொருளை வாங்கிக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

ராமிலிருந்தே தொடங்கலாம். வேண்டியது எஸ்ஓ-டிம் எனப்படும் குட்டை ராம். அப்புறம் தலைமுறை. டிடிஆர்3, 4, 5 மூன்றுக்கும் நடுவில் இருக்கும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. 'இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்' என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத வம்பு ஒன்று உண்டு. டிடிஆர்3-இல் 1.5 வோல்ட் ராமும் இருக்கிறது, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ராமும் இருக்கிறது. உருவத்தில் இரண்டும் ஒன்றுதான், ஸ்லாட்டிலும் ஒழுங்காக உட்காரும். ஆனால் 2013-க்குப் பிறகு வந்த பல சின்னப் பெட்டிகள் 'எல்' இருந்தால்தான் கண் திறக்கும். ஆறாம் தலைமுறை இன்டெல் பெட்டிகளில் சிலவற்றில் டிடிஆர்3எல், சிலவற்றில் டிடிஆர்4. ஆகவே 'ஐ5 மெஷின்' என்று கடைக்காரரிடம் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. உள்ளே இருக்கும் ராமின் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஒற்றை ராமா, ஜோடியா என்பது அடுத்த கேள்வி. இந்தப் பெட்டிகளில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருப்பது அபூர்வம். திரையில் தெரிவதெல்லாம் இதே ராமைப் பங்குபோட்டுத்தான் தெரிகிறது. ஒரே ராமாக இருந்தால் ஒருவழிப் பாதை, இரண்டு போட்டால் இருவழிப் பாதை. 16 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 8 ஜிபி போடுவதே என் கட்சி. பின்னால் 32 ஆக்குவேன் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் ஒற்றை 16 வாங்கி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டு வைக்கலாம். 'பின்னால் பார்த்துக்கலாம்' என்கிற நம்பிக்கையே எடுபடாத பெட்டிகளும் உண்டு. இன்டெல் என்100 சிப் போட்ட விலை குறைந்த மினி பிசிக்களில் ஒரே தடம்தான். இன்டெல் கணக்குப்படி அதிகபட்சம் 16 ஜிபி. சிலவற்றில் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தே வரும். ஆப்பிளின் மேக் மினியில் 2020-இல் எம்1 வந்ததிலிருந்து ராம் மாற்றவே வழியில்லை. இவற்றில் வாங்கும் அன்று எடுப்பதுதான் கடைசி முடிவு.

ராம் மாற்றியதும் திரை கறுப்பாக நிற்கும், மின்விசிறி மட்டும் சுற்றும். இங்கேதான் பலரும் பதறி ஒயரைப் பிடுங்குகிறார்கள். புது ராமைப் பார்த்ததும் போர்டு அதைக் கொஞ்ச நேரம் சோதித்துப் பழகிக்கொள்ளும். டிடிஆர்5 என்றால் சில நிமிடங்கள்கூட ஆகும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ராம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். சாய்வாகச் செருகி, தங்கநிறப் பட்டை உள்ளே மறையும் வரை தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருப்பதுதான் வழக்கமான குற்றவாளி. இதையெல்லாம் செய்வதற்கு முன் அடாப்டரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நானே ஒருமுறை மறந்திருக்கிறேன்.

எஸ்எஸ்டி, அதாவது உள்ளே எதுவும் சுழலாத வேகமான டிஸ்க், விஷயம் இன்னும் குழப்பமானது. 'எம்.2 எஸ்எஸ்டி' என்பது உருவத்தின் பெயர், வேகத்தின் பெயர் இல்லை. அதே உருவத்தில் பழைய, மெதுவான சாட்டா வகையும் வரும், புதிய, வேகமான என்விஎம்இ வகையும் வரும். சாட்டாவின் உச்சம் நொடிக்கு 550 எம்பி வாக்கில் நின்றுவிடும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500 வரை போகும். பட்டையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று இருந்தால் என்விஎம்இ. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டும் உண்டு, என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டும் உண்டு. மாற்றிப் போட்டால் டிஸ்க் இருப்பதாகவே பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) காட்டாது. 'டிஸ்க் டெட்' என்று திருப்பி அனுப்பப்படும் எத்தனையோ எஸ்எஸ்டிகள் நன்றாகத்தான் இருந்திருக்கும். நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். 2242 என்றால் 42 நீளம். அளவு மாறினால் கடைசியில் ஸ்க்ரூ போட இடம் கிடைக்காது.

நான்காம் தலைமுறை எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் கொடுத்து மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஓடும், ஆனால் ஸ்லாட்டின் வேகத்துக்குத்தான் ஓடும். ஜெராக்ஸ் கடையில் பிடிஎஃப் திறக்க அது வேண்டியதும் இல்லை. அந்தப் பணத்தைக் கொள்ளளவில் போடலாம்.

ஒன்று போட்டால் ஒன்று போகும் கணக்கும் உண்டு. எம்720க்யூ-வில் ரைசர் என்கிற இணைப்புப் பலகை வைத்து, கூடுதல் வசதிக்கான பிசிஐஇ கார்டு ஒன்று மாட்டலாம். நெட்வொர்க் கார்டு போடுபவர்கள் இதற்காகவே அந்த மாடலைத் தேடுகிறார்கள். ஆனால் ரைசர் வந்தால் 2.5 இன்ச் டிஸ்க் உட்காரும் இடம் போய்விடும். இரண்டுக்கும் சேர்த்து ஆர்டர் போட்டுவிட்டு, மூடியைத் திறந்த பிறகு தலையில் கை வைக்கக் கூடாது. 2.5 இன்ச் டிஸ்க்கிலும் 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு கனம் இருக்கிறது. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த தடித்தது உள்ளே போகாது.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து புதியதில் ஏற்றுபவர்கள் முதலில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய விண்டோஸ் 11 பல நேரம் சொல்லாமலேயே டிஸ்க்கைப் பூட்டி, சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கில் வைத்துவிடுகிறது. டிஸ்க் மாற்றினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு ஸ்க்ரூவில் கை வையுங்கள்.

இப்போது அடாப்டர். மினி பிசிக்களைப் பொறுத்தவரை நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பின் உள்ளே போகிறது, விளக்கு எரிகிறது, அப்படியென்றால் சரி என்று நினைத்துவிடுகிறோம். ஒரே வடிவப் பின்னில் 65 வாட், 90 வாட், 135 வாட் என்று மூன்றும் வரும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வாங்கிய பழைய பெட்டி எதைத் திறந்தாலும் ஆமை வேகத்தில் நகர்ந்தது. வைரஸ் என்று இரண்டு முறை விண்டோஸ் ஏற்றியிருக்கிறார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ப்ராசஸர் 0.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவே இல்லை. பெட்டி டெல், கூட வந்த அடாப்டரோ பெயர் தெரியாத ஏதோ ஒன்று. டெல் அடாப்டரின் பின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். நான் இத்தனை வாட் என்று அதுதான் போர்டுக்குச் சொல்லும். அந்தத் தகவல் வராவிட்டால், எதற்கு வம்பு என்று போர்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சரியான அடாப்டரை மாட்டிய நிமிடமே குதிரை ஓட ஆரம்பித்துவிட்டது. வோல்ட் பொருந்த வேண்டும், வாட் கேட்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். அதிக வாட் அடாப்டர் பெட்டியைக் கருக்கிவிடும் என்பது வீண் பயம். பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுத்துக்கொள்ளும்.

அடாப்டரோடு ஒட்டிய இன்னொரு சமாச்சாரம். மெட்டல் பெட்டியைத் தொட்டால் விரலில் 'சுர்' என்று இருக்கிறதா? மூன்று ஊசி பிளக்கை இரண்டு ஊசி எக்ஸ்டென்ஷனில் சொருகியிருப்பீர்கள், அல்லது அந்த பாயிண்டில் எர்த் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டர் கடைக்கு ஓடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பழைய பெட்டி வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். இவை பெரும்பாலும் கம்பெனிகளில் மூன்று நான்கு வருடம் ஓடி மொத்தமாகக் கழிக்கப்பட்டவை. பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். 'அதெல்லாம் பேட்டரியக் கழட்டிப் போட்டா போயிடும் சார்' என்பார்கள். பிசினஸ் மாடல்களில் பெரும்பாலும் போகாது. அடுத்து ப்ராசஸர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை வேண்டும். ஏழாம் தலைமுறை ஐ5-7500டி-க்கும் எட்டாம் தலைமுறை ஐ5-8500டி-க்கும் விலை வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் யோசிக்காமல் 8500டி எடுங்கள். நான்கு கோருக்குப் பதில் ஆறு கோரும் கிடைக்கும். லினக்ஸ்தான் போடப்போகிறேன் என்பவர்களுக்கு ஏழாவதே போதும், பணம் மிச்சம்.

வைஃபை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆபீஸில் கேபிளில் ஓடிய பெட்டிகளில் வைஃபை கார்டும் இருக்காது, ஆன்டெனாவும் இருக்காது. தனியாக வாங்கினால் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சாதாரண எம்.2 கார்டுகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பாதி வேலையை ப்ராசஸர் பக்கம் தள்ளிவிடுபவை. அதற்கேற்ற புதிய இன்டெல் போர்டில் மட்டும் ஓடும். ஒரு எண்தான் வித்தியாசம், விலையும் குறைவாக இருக்கும், அதனால் கை அங்கேதான் போகும். ஆன்டெனா ஒயரின் முனை அரிசியைவிடச் சின்னது. நேர் மேலிருந்து விரலால் மெல்ல அழுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் நசுங்கிவிடும்.

கடிகாரம் தப்பான தேதி காட்டி, பிரவுசரில் எந்தத் தளமும் திறக்காமல் 'பாதுகாப்பில்லை' என்று அடம்பிடித்தால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. நெட் கனெக்‌ஷனைத் திட்டவேண்டாம்.

வைக்கும் இடத்தில் நடக்கும் கொடுமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. தூசி படக் கூடாது என்று டர்க்கி டவல் போட்டு மூடி வைத்த பெட்டியைப் பார்த்திருக்கிறேன், ஓடிக்கொண்டிருக்கும்போதே. சூடாகும் யூபிஎஸ் தலைமேல் வைப்பது, சாமி அலமாரிக்குள் தள்ளுவது எல்லாம் இதே ரகம். ஒரே ஒரு சின்ன ஃபேன் மூச்சு விடும் வழி அந்தப் பெட்டிக்கு உயிர். மானிட்டருக்குப் பின்னால் மாட்டுவது நல்ல யோசனை, ஆனால் வாங்கும் முன் மானிட்டர் முதுகில் நான்கு ஓட்டைகள் இருக்கிறதா, 75 மில்லிமீட்டரா 100 மில்லிமீட்டரா, அதே ஓட்டைகளில்தான் ஸ்டாண்டும் நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்டாண்ட் அங்கே இருந்தால் பெட்டிக்கு இடமில்லை.

டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ போகும் மலிவான கேபிள் ஒருவழிதான், திருப்பிப் போட்டால் படம் வராது. 4கே மானிட்டரில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால் 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். போர்ட்டோ கேபிளோ எச்டிஎம்ஐ 1.4 காலத்தது.

சித்தப்பா கடைக்கு வருகிறேன். சரியான ராம் போட்டு, எஸ்எஸ்டி போட்டு, கரண்ட் போய் வந்தால் தானாகவே ஆன் ஆகும்படி பயாஸில் மாற்றிவிட்டு ஊருக்கு வந்தேன். ஒரு வாரத்தில் போன். "எல்லாம் சரிடா, பென்டிரைவ் சொருகினா மவுஸ் செத்துப்போகுது." பென்டிரைவில் வைரஸ் என்று கஸ்டமரிடம் சண்டையே போட்டிருக்கிறார். பின்பக்கம் நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் பென்டிரைவ், அதை ஒட்டினாற்போல் வயர்லெஸ் மவுஸின் குட்டி டாங்கிள். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். இன்டெலே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை போட்டிருக்கிறது. மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில். பெரிய கேபினெட்டில் போர்ட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும், இதில் தோளோடு தோள். ஒரு முழ நீள யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வாங்கி டாங்கிளை மானிட்டர் அடியில் செல்லோடேப்பால் ஒட்டச் சொன்னேன். ஒட்டிவிட்டு, அந்த கஸ்டமருக்கு இரண்டு பக்கம் ஓசியில் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாராம்.