'வரலாற்றில் இன்று' எழுதும்போது தேதியில் நடக்கும் தவறுகள்

எங்கள் ஊர் கிளை நூலக வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. கும்பகோணம் போகும் டவுன் பஸ் அதற்கு எதிரேதான் நிற்கும். காலையில் நூலகம் திறந்ததும் அந்தப் பலகையில் 'வரலாற்றில் இன்று' எழுதுவது வாசகர் வட்டத்தில் என் பொறுப்பு. பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். அதனால்தான் பலகையில் ஒரு தேதி தப்பாகப் போனாலும் எனக்கு மனசு கேட்காது. பத்து மணிக்குள் அது நாற்பது நோட்டுக்குப் போய்விடும், அப்புறம் அழிக்க முடியாது.

ஒரு ஏப்ரல் 26 அன்று நான் எழுதிய நாலு வரி இவை: 'சியாமா சாஸ்திரி பிறந்தநாள், 1762. ஷேக்ஸ்பியர் பிறந்தநாள், 1564. கணித மேதை ராமானுஜன் தமது 33 வயதில் காலமானார், 1920. செர்னோபில் அணு உலை விபத்து, 1986.' இந்த நாலில் இரண்டு தவறு.

முதலில் ராமானுஜன். 1920இல் இருந்து 1887ஐக் கழித்தால் 33 வரும். ஆனால் அவர் பிறந்தது டிசம்பர் 22, இறந்தது ஏப்ரல் 26. அந்த வருஷப் பிறந்தநாள் வருவதற்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. நிறைந்த வயது 32தான். '33 வயதில்' என்றால் தப்பு, '33ஆம் வயதில்' என்றால் சரி. திருக்கடையூர் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது புதிதல்ல. 59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி, 60 நிறைந்தால்தான் சஷ்டியப்த பூர்த்தி. கோயிலில் இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்கிற நாம், பலகையில் எழுதும்போது வெறுமனே கழித்துப் போட்டுவிடுகிறோம். நூற்றாண்டு விஷயத்திலும் இதே குழப்பம்தான். 1924 ஜூன் 3 அன்று பிறந்த கலைஞர் கருணாநிதிக்கு 2023 ஜூனில் நூற்றாண்டு விழா தொடங்கியது. நூறு ஆண்டு நிறைந்தது 2024இல்.

ராமானுஜன் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கும்பகோணத்தில் பிறந்தார் என்று எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் நம்புகிறோம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வீடு இருக்கிறது, படித்த பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பிரசவத்துக்கு அம்மா தாய்வீடு போவது நம் வழக்கம். அவர் பிறந்தது ஈரோட்டில், பாட்டி வீட்டில். ஊர் பெயரே ஆள் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். தில்லையாடி வள்ளியம்மை 1898 பிப்ரவரி 22 அன்று பிறந்தது தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி அவர் குடும்பத்தின் பூர்வீகம். 1914இல் அதே பிப்ரவரி 22 அன்று, சிறைவாசத்தில் உடைந்த உடம்போடு, பதினாறு வயதில் இறந்துபோனார். அந்த நாளை எழுதும்போது ஜோகன்னஸ்பர்க்கையும் தில்லையாடியையும் சேர்த்தே எழுத வேண்டும். கடல் கடந்து போன ஒரு குடும்பத்தின் கதை அந்த இரண்டு பெயரில்தான் இருக்கிறது.

அடுத்து ஷேக்ஸ்பியர். ஏப்ரல் 26 அவர் பிறந்தநாள் அல்ல, ஞானஸ்நானம் பெற்ற நாள். தேவாலயப் பதிவேட்டில் இருப்பது அதுதான். பிறந்தநாள் ஏப்ரல் 23 என்று கொண்டாடுவது வழக்கத்தில் வந்தது. பழைய ஐரோப்பியர்களின் 'பிறந்த தேதி' என்று எதைப் பார்த்தாலும் இந்தச் சந்தேகம் நமக்கு வர வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. 1582இல் கத்தோலிக்க நாடுகள் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின. இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை பழைய ஜூலியன் கணக்கையே வைத்திருந்தன. அந்த வருஷம் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று தாவினார்கள். ஷேக்ஸ்பியர் இறந்ததாகச் சொல்லும் 1616 ஏப்ரல் 23ம் ஸ்பெயினில் செர்வான்டிஸ் இறந்ததாகச் சொல்லும் 1616 ஏப்ரல் 23ம் ஒரே நாள் இல்லை, நடுவில் பத்து நாள் இருக்கிறது.

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் தரங்கம்பாடியிலேயே நடந்திருக்கிறது. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்தது, டென்மார்க் 1700லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் மாறவில்லை. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலை 9. அதே நாளில் சென்னைக் கோட்டைக் கணக்கேட்டில் எழுதியிருக்கக்கூடிய தேதி ஜூன் 28. ஒரே கடற்கரை, ஒரே வெயில், பதினோரு நாள் வித்தியாசம். ஆகவே 1752க்கு முந்தைய தேதி எதுவாக இருந்தாலும், அதை எழுதியவர் டேனிஷ்காரரா ஆங்கிலேயரா என்று பார்த்துவிட்டுத்தான் நான் சாக்பீஸைத் தொடுவேன்.

சரி, நம் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில், அதுவும் டெல்டாவில், ஒரு மனிதருக்கு இரண்டு நாள் உண்டு. ஆங்கிலத் தேதி ஒன்று, நட்சத்திரமோ திதியோ இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இங்கே அதிகம் நடக்கிற தவறு.

தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் திருவையாற்றில் ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் திதியில். 2023இல் அது ஜனவரி 11, 2024இல் ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18. 'இன்று தியாகராஜர் ஆராதனை' என்று ஜனவரி 6 அன்று எழுதினால், அதை நம்பி ஒருவர் திருவையாறு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் காவிரிக் கரையில் பந்தல் இருக்காது. 'தியாகராஜர் மறைந்த நாள், 1847' என்று எழுதினால் குற்றம் இல்லை.

ராஜராஜ சோழனுக்கு ஐப்பசி சதயம். 2022இல் நவம்பர் 3, 2025இல் நவம்பர் 1. ஏதோ ஒரு வருஷத்துத் தேதியை எடுத்து 'ராஜராஜன் பிறந்தநாள் நவம்பர் 3' என்று நிரந்தரமாக எழுதிவைப்பது தவறு. அதைவிடப் பரவலான தவறு எண்ணிக்கையில் இருக்கிறது. 2025இல் நடந்தது 1040ஆவது சதய விழா. உடனே '1040ஆவது பிறந்தநாள்' என்று வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடுகிறது. அந்தக் கணக்கு தொடங்குவது அவர் முடிசூடிய 985இல் இருந்து. 985இல் பிறந்த குழந்தை 985இல் அரியணை ஏறியிருக்க முடியுமா?

ராஜேந்திரனுக்குத் திருவாதிரை என்பது தெரிந்ததும் மார்கழித் திருவாதிரை என்று பல காலம் எழுதிவந்தார்கள். திருவாரூர்க் கோயில் கல்வெட்டு ஒன்றுதான் அதைத் திருத்தியது. தந்தையின் நாள் ஐப்பசிச் சதயம், தன்னுடைய நாள் ஆடித் திருவாதிரை என்று அதில் தெளிவாக இருக்கிறது. அரை வருஷத் தவறை ஒரு கல் சரிசெய்துவிட்டது. கல்வெட்டுக்கு எண்ணெய் பூசி எழுத்தை அழிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஞாபகம்தான் வரும்.

தமிழ் வருஷப் பெயரை வைத்து ஆங்கில வருஷம் போடும்போது அறுபது வருஷம் சறுக்கிவிடும். சர்வஜித் என்றால் எந்தச் சர்வஜித்? 1767இல் ஒன்று, அதில் தியாகராஜர் பிறந்தார். 1887இல் ஒன்று, அதில் ராமானுஜன். 1947 சர்வஜித்தில் சுதந்திரம் வந்தது. நடுவில் 1827, கடைசியாக 2007. என் பெரியம்மாவின் ஜாதக நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. மஞ்சள் தடவிய முனை, உதிரும் தாள், நீல மையில் 'சர்வஜித் வருஷம் கார்த்திகை மாதம் 12ந் தேதி, உதயாதி நாழிகை 52' என்று தாத்தா எழுதியிருக்கிறார். ஒரு நாழிகை 24 நிமிஷம். சூரியன் உதித்ததில் இருந்து 52 நாழிகை என்றால் கிட்டத்தட்ட இருபத்தொரு மணி நேரம், அதாவது விடியற்காலை மூன்று மணி. நம் கணக்கில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள், அதனால் தாத்தாவுக்கு அது 12ந் தேதிதான். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவே தேதி மாறிவிட்டது. பஞ்சாங்கத்தில் கார்த்திகை 12க்கு நேராக இருக்கும் ஆங்கிலத் தேதியைப் பெரியம்மா பிறந்தநாள் என்று எழுதினால் ஒரு நாள் முந்திப்போகும். அவரது பள்ளிச் சான்றிதழிலோ வேறொரு தேதி, அதுவும் ஜூன் மாதத்தில். கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, ஐந்து வயது நிறைகிற மாதிரி வாத்தியார் போட்ட தேதி அது. அந்தத் தலைமுறையில் ஜூன் மாதப் பிறந்தநாள்கள் அவ்வளவு இருப்பதற்குக் காரணம் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அது என்பதுதான்.

இன்னொரு பொறி: இன்று சித்திரை 1 ஏப்ரல் 14இல் வருகிறது என்பதற்காகப் பழைய தமிழ்த் தேதியையும் அதே இடைவெளியில் மாற்றுவது. தியாகராஜர் பிறந்தது சித்திரை 27, திங்கட்கிழமை, பூசம். இன்றைய இடைவெளியில் எண்ணினால் மே 10 வரும். ஆனால் பின்னோக்கிப் போகப் போகத் தமிழ் மாதப் பிறப்பு ஆங்கிலத் தேதியில் முன்னால் நகரும். அந்த வருஷம் சித்திரை 27 வந்தது மே 4இல். சரிபார்க்கக் கிழமை கைகொடுக்கும். 1767 மே 4 திங்கட்கிழமைதான், மே 10 ஞாயிறு. தேதியோடு கிழமையும் சொல்லியிருக்கிற எந்தக் குறிப்பையும் இப்படிச் சோதிக்கலாம், இரண்டு நிமிஷ வேலை.

விவசாயி வீட்டில் வளர்ந்த எனக்குப் பிடிக்காத தவறு ஒன்று ஜூன் 12 அன்று வரும். 'மேட்டூர் அணை திறக்கப்பட்ட நாள்' என்று எழுதுவார்கள். 'திறப்பு' என்ற சொல் செய்கிற வேலை இது. அணையைக் கட்டி முடித்துத் திறந்தது 1934 ஆகஸ்ட் 21. ஜூன் 12 என்பது குறுவைக்குத் தண்ணீர் திறக்க வழக்கமாக வைத்திருக்கும் நாள். அந்த வழக்கமும் எல்லா வருஷமும் நடப்பதில்லை. 2022இல் மே 24க்கே தண்ணீர் வந்தது, 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம், 2025இல் சரியாக ஜூன் 12. எந்த வருஷம் எந்தத் தேதி என்பதில்தான் ஒரு கிராமத்தின் நாற்றங்கால், கடன், கல்யாணம் எல்லாம் இருக்கிறது. அதைப் பொதுவாக 'ஜூன் 12' என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது.

நள்ளிரவைத் தொட்ட நிகழ்வுகளிலும் கவனம் வேண்டும். கஜா புயலை 'நவம்பர் 15 ராத்திரி' என்றுதான் வேதாரண்யத்தில் யாரும் சொல்வார்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்களுக்கு அது ஒரே ராத்திரி. கரை கடந்தது நள்ளிரவுக்குப் பிறகு, 2018 நவம்பர் 16. செர்னோபிலும் அந்த ஊர் நேரப்படி ஏப்ரல் 26 அதிகாலை 1.23. நடந்த இடத்தின் கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பல நாள் நீண்ட நிகழ்வு என்றால் எது தொடக்கம், எது முடிவு என்று வரியிலேயே சொல்லிவிட வேண்டும். வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு ராஜாஜி திருச்சியில் இருந்து புறப்பட்டது 1930 ஏப்ரல் 13, தமிழ் வருஷப் பிறப்பு அன்று. வேதாரண்யம் சேர்ந்தது ஏப்ரல் 28. உப்பு அள்ளியது ஏப்ரல் 30. மூன்று தேதியும் மூன்று பட்டியலில் 'வேதாரண்யம் சத்தியாக்கிரகம்' என்றே வருகிறது. ஊரையும் மாவட்டத்தையும் எழுதும்போதும் அப்படித்தான்: கலைஞர் பிறந்த திருக்குவளை 1924இல் தஞ்சாவூர் மாவட்டம், நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல். 'அன்றைய தஞ்சாவூர் மாவட்டம்' என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும்.

கடைசியாக, எதை விடுகிறோம் என்பது. டிசம்பர் 25க்கு எந்தப் பட்டியலை எடுத்தாலும் நியூட்டன் இருப்பார். 1642 டிசம்பர் 25 என்பது ஜூலியன் கணக்கு, இன்றைய கணக்கில் அவர் பிறந்தது 1643 ஜனவரி 4. ஜின்னா இருப்பார், வாஜ்பாய் இருப்பார், 1972இல் மறைந்த ராஜாஜி இருப்பார். கீழ்வெண்மணி பல பட்டியல்களில் இருக்காது. எங்கள் பலகையில் இருந்து பஸ்ஸில் போனால் எட்டிவிடுகிற ஊர். பண்டிகை நாளில் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் அது எதற்கு என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டதுண்டு. அவர் நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் அக்கறையில்தான் கேட்டார். ஆனால் கூலியைக் கூட்டிக் கேட்ட குடும்பங்கள் அவை, செத்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அதனால் ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் முதல் வரியாக இதைத்தான் எழுதுகிறேன்: '1968, கீழ்வெண்மணி, அன்றைய தஞ்சாவூர் மாவட்டம். தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் இரவில் எரித்துக் கொல்லப்பட்டனர்.'