நுகர்வோர் புகாருக்குப் பதில் தர எத்தனை நாள், அது எந்த நாளிலிருந்து?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குறிப்பிடும் காலவரம்புகளில் பல, தக்க காரணம் காட்டினால் தளரக்கூடியவை. ஆனால் புகாருக்கு எதிர்தரப்பினர் பதிலுரை தாக்கல் செய்வதற்கான 45 நாள் வரம்பு எந்தக் காரணத்துக்காகவும் தளராதது. இதை அறியாமல் புகார்தாரர்கள் தங்களுக்குள்ள உரிமையை வலியுறுத்தத் தவறுகிறார்கள். சிறு வணிகர்களோ தங்கள் தரப்பு நியாயத்தை எழுத்தில் வைக்கும் வாய்ப்பையே இழந்துவிடுகிறார்கள். எனவே இரு தரப்பினரையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில், நுகர்வோர் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதற்கு முந்தைய கட்டம். இணையத்தில் வாங்கிய பொருள் என்றால், நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். நேரடிக் கடைகளில் வாங்கியவற்றுக்கு இப்படியொரு பொதுவான கெடு இந்தச் சட்டத்தில் இல்லை. வழக்கறிஞர் அறிவிப்பில் 15 நாள், 30 நாள் என்று எழுதப்படுவது வழக்கத்தால் வந்ததே தவிர, சட்டம் விதித்ததன்று. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்வதும் நல்ல வழிதான்.

ஆனால் இந்தக் கட்டத்திலேயே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் புகார் தாக்கலாக வேண்டும் என்கிறது 69-ஆம் பிரிவு. நிறுவனத்துக்கு நினைவூட்டல் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருப்பதால் அந்த இரண்டு ஆண்டு நீள்வதில்லை. தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் ஆணையம் அதைப் பதிவுசெய்து மன்னிக்கலாம் என்றாலும், அந்தச் சலுகையை நம்பிக் காத்திருப்பது விவேகமன்று.

புகார் தாக்கலானதும், அதை ஏற்பதா மறுப்பதா என்பதை மாவட்ட ஆணையம் சாதாரணமாக 21 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். அந்தக் காலத்துக்குள் முடிவெடுக்காவிட்டால் புகார் ஏற்கப்பட்டதாகவே சட்டம் கருதுகிறது. ஏற்கப்பட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்குள் புகாரின் நகல் எதிர்தரப்பினருக்கு அனுப்பப்பட வேண்டும்.

இதன் பிறகுதான் 38-ஆம் பிரிவின் முக்கியமான கணக்கு தொடங்குகிறது. எதிர்தரப்பினர் 30 நாட்களுக்குள் தம் பதிலுரையைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் அனுமதித்தால் கூடுதலாக 15 நாட்கள் வரை பெறலாம். இந்தக் கூடுதல் 15 நாட்கள் தாமாகக் கிடைப்பவையல்ல, ஆணையத்தின் அனுமதியைப் பொறுத்தவை. ஆகவே, முடிந்தவரை முதல் 30 நாட்கள் முடிவதற்குள்ளேயே, காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து வடிவில் மனு கொடுத்துவிட வேண்டும்.

இந்த வரம்பு வெறும் அறிவுறுத்தலா, கட்டாயமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் இருவேறு அமர்வுகள் இருவேறு விதமாகப் பேசியிருந்தன. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஹில்லி மல்டிபர்பஸ் கோல்ட் ஸ்டோரேஜ் வழக்கில் 4 மார்ச் 2020 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தது: 30 நாளும் அதன்மேல் 15 நாளும் கடந்த பிறகு, ஒரு நாள்கூட நீட்டித்துக் கொடுக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரமில்லை. அந்தத் தீர்ப்பு முந்தைய 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியது என்றாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வரம்பையே வைத்திருக்கிறது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் விரைவான தீர்வுக்கென்றே உருவாக்கப்பட்ட மன்றத்தில், பதில் சொல்ல வேண்டியவர் விருப்பம்போல் காலம் கடத்தினால் நுகர்வோருக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை என்பதால், இந்தக் கண்டிப்பு நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதற்கும் அதே தீர்ப்பில் விடை இருக்கிறது. வெறும் அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்தன்று, புகாரின் நகலோடு சேர்ந்து அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கும். கிடைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். எடுத்துக்காட்டாக, ஜூன் 1 அன்று நகலுடன் அறிவிப்பு வந்தால், 30-ஆம் நாள் ஜூலை 1. நீட்டிப்பு கிடைத்தாலும் இறுதி நாள் ஜூலை 16. கடைசி நாள் ஆணையத்தின் விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் தாக்கல் செய்யலாம் என்று பொது விதி இருந்தபோதிலும், அவ்வளவு நெருக்கத்தில் விட்டுவைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

அறிவிப்பு பெறும் வணிகர் செய்ய வேண்டியவை சில உண்டு. உறையைக் கிழித்து எறியாமல், அஞ்சல் முத்திரையோடு அப்படியே வைத்துக்கொண்டு, பெற்ற தேதியை அதன்மேல் எழுதி வைக்க வேண்டும். உள்ளே புகாரின் நகல் இல்லையென்றால், அந்த ஆட்சேபத்தை முதல் விசாரணை நாளிலேயே எழுப்பிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு எழுப்ப முடியாது என்று மேற்சொன்ன தீர்ப்பே தெளிவுபடுத்தியிருக்கிறது. அறிவிப்பை வாங்க மறுத்தால் தப்பித்துவிடலாம் என்ற எண்ணம் தவறானது, ஏனென்றால் மறுக்கப்பட்டதாக அஞ்சல்காரர் எழுதித் திருப்பிய அறிவிப்பைச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே ஆணையம் ஏற்கலாம். பதிலுரையில் புகாரின் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் ஏற்பதா மறுப்பதா என்று பத்தி பத்தியாகச் சொல்லி, ரசீது, உத்தரவாத அட்டை, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை இணைக்க வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது, புகார்தாரர் சமாதானத்துக்கு இசைந்துவிட்டார் என்று வாய்மொழியை நம்பிப் பதிலுரையைத் தள்ளிப்போடுவதுதான் பலரைக் கெடுக்கிறது.

புகார்தாரரின் வேலையும் இங்கே சிறிதன்று. அஞ்சல் துறையின் பதிவு எண்ணைக் கொண்டு, எதிர்தரப்பினருக்கு அறிவிப்பு சேர்ந்த தேதியை அறிந்து, அந்த விவரத்தின் அச்சுப்படியைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். 45 நாள் கடந்த பின் பதிலுரை வந்தால், அதை ஏற்கக் கூடாது என்று தேதிக் கணக்கோடு எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். அதே வேளையில், பதிலுரை வராததாலேயே வழக்கு வென்றுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. எதிர்தரப்பின் பதிலுரை இல்லாமல் ஆணையம் ஒருதலைப்பட்சமாக விசாரிக்கும்போதும், பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் கொண்டு குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையதே. அவருடைய சான்றுகள் பலவீனமாக இருந்தால், எதிர்ப்பவர் எவரும் இல்லாமலேயே புகார் தள்ளுபடியாகலாம்.

எதிர்தரப்பினர் அறிவிப்பு பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களில், பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதங்களில், புகாரை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இது பெரும்பாலும் எட்டப்படாத இலக்காகவே இருப்பதால், அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மாநில ஆணையத்தில் 45 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பணம் செலுத்த உத்தரவிடப்பட்டவர் மேல்முறையீடு செய்தால், அத்தொகையில் 50 சதவீதத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும். மாநில ஆணையத்தின் உத்தரவை எதிர்த்துத் தேசிய ஆணையத்துக்குச் செல்ல 30 நாட்கள் உள்ளன. இந்த இரண்டிலும் போதிய காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படலாம். மேல்முறையீடும் தடையாணையும் இல்லாத நிலையில் உத்தரவு நிறைவேற்றப்படாவிட்டால், அதை நிறைவேற்றித் தரும்படி 71-ஆம் பிரிவின் கீழும், தண்டனை கோரி 72-ஆம் பிரிவின் கீழும் அதே ஆணையத்தில் மனு தாக்கல் செய்யலாம். பின்னதில் ஒரு மாதத்துக்குக் குறையாத சிறையோ, ரூ. 25,000-க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.